டூரரின் பீரங்கி, ஆல்ட்டோர்ஃபரின் மரம், ரெம்பிராண்டின் மழை: எச்சிங்கில் தூரம் எப்படி வருகிறது?

#1 கரிக்கோடு

வணக்கம். நான் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் தூரத்தை வரைவது பற்றிப் பாடம் எடுத்தேன். வழக்கமாகச் சொல்வதுதான்: கிட்டே இருப்பதை அழுத்தி வரை, எட்ட இருப்பதை லேசாக வரை. எடுத்துக்காட்டாக இரண்டு எச்சிங் படங்களை (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படங்கள்) அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஒன்று ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் 1520ஐ ஒட்டிச் செய்த நிலக்காட்சி. முன்னால் பெரிய ஊசியிலை மரம், பின்னால் ஊரும் மலையும், ஆள் நடமாட்டமே இல்லை. மற்றொன்று டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'மூன்று மரங்கள்', 1643.

ஒரு மாணவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், பழைய படத்தில் மரத்துக்கும் மலைக்கும் கோடு ஒரே தடிமனாக இருக்கு. ஒரே பேனாவால் போட்ட மாதிரி. இன்னொன்றில் தூரத்து ஊர் கரைந்தே போகுது. இரண்டும் எச்சிங்தான் என்றால் ஏன் இப்படி?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இங்கே அச்சுக்கலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். உதவி செய்யுங்கள்.

#2 மைவிரல்

டீச்சர், அந்தப் பிள்ளையின் கண் நல்ல கண். முப்பது வருடமாகத் தகட்டில் வேலை செய்கிறேன், முதல் ஐந்து வருடத்தில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அடிப்படையிலிருந்து சொல்கிறேன். செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சு ஒன்றைப் பூசுவோம். நாங்கள் அதை கிரவுண்ட் என்போம். விளக்குப் புகையில் காட்டி அதைக் கறுப்பாக்கிக்கொண்டு, ஊசியால் வரைவோம். ஊசி செம்பை வெட்டுவதில்லை, பூச்சை மட்டும்தான் விலக்குகிறது. அதனால் கை காகிதத்தில் ஓடுவது போலவே ஓடும். பிறகு தகட்டை அமிலத்தில் இறக்கினால், பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம். ஆழமான கோடு அதிக மை பிடிக்கும், காகிதத்தில் கறுப்பாக விழும். மேலோட்டமான கோடு சாம்பல் நிறத்தில் விழும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தூரத்து மலை மெலிதாக வர வேண்டுமென்றால் என்ன செய்வது? முழுத் தகட்டையும் கொஞ்ச நேரம் அமிலத்தில் வைத்து எடுக்க வேண்டும். மலை இருக்கும் பகுதியை வார்னிஷால் மூடிவிட வேண்டும். மறுபடி இறக்க வேண்டும். நடுவில் இருக்கும் வயலுக்குப் போதும் என்று தோன்றும்போது எடுத்து அதையும் மூட வேண்டும். கடைசியில் முன்னால் நிற்கும் மரம் மட்டும் அமிலத்தில் கிடக்கும். ஆக, மலை பத்து நிமிடம் கிடந்தது, மரம் ஒரு மணி நேரம் கிடந்தது. அதுதான் அந்தப் படத்தில் தூரம்.

ஆல்ட்டோர்ஃபர் காலத்தில் இந்த மூடி எடுக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. ஒரே முறை இறக்கி ஒரே முறை எடுத்தார்கள். அவர்கள் வேலை செய்தது இரும்புத் தகட்டில். எச்சிங்கே கவசம் செய்கிறவர்களிடமிருந்து வந்த கலை. எஃகுக் கவசத்தில் பூவும் கொடியும் அரித்து அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள், ஆக்ஸ்பர்க் ஊரில் டேனியல் ஹாப்ஃபர் அதைக் காகிதத்துக்கு மாற்றினார். இரும்பில் கோடு சற்று முரட்டுத்தனமாக அரிக்கும். ஜெர்மானிய ஓவியர் டூரர் 1515 முதல் 1518 வரை மொத்தம் ஆறு எச்சிங் செய்தார், எல்லாம் இரும்பு. கடைசியாகச் செய்த 'பீரங்கியுடன் நிலக்காட்சி' (1518) பெரிய படம். பின்னால் எடுத்த பிரதிகளில் துருப்பிடித்த புள்ளிகள் தெரியும். அதன் பிறகு அவர் எச்சிங் பக்கமே திரும்பவில்லை.

ஒருமுறைக்கு மேல் அரித்து, மூடி, மறுபடி அரிப்பதை நன்றாகக் கையாண்டவர்களில் இத்தாலியின் ஃபெடெரிகோ பரோச்சி முக்கியமானவர், 1580களில். அவர் நிலக்காட்சிக்காரர் இல்லை. ஆனால் அந்த வழி திறந்த பிறகுதான் தகட்டில் காற்று நுழைந்தது என்று நான் நினைக்கிறேன்.

#3 கோவைபோர்டு

மைவிரல் அண்ணா, இதைப் படித்ததும் கை பரபரத்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள். டிப்ளமோ படிக்கும்போது சர்க்யூட் போர்டு நாங்களே செய்வோம். செப்புப் படலத்தின் மேல் மார்க்கரால் கோடு போட்டு ஃபெரிக் குளோரைடில் முக்கி ஆட்டிக்கொண்டே இருப்போம். நாங்கள் வரைந்த கோடு மிஞ்சும், மற்ற செம்பு கரையும். நீங்கள் சொல்வது நேர் எதிர், வரைந்த கோடுதான் கரைகிறது. ரொம்ப நேரம் விட்டுவிட்டால் கோட்டுக்கு அடியிலேயே பக்கவாட்டில் தின்றுவிடும். உங்களுக்கும் அது உண்டா?

#4 மைவிரல்

உண்டு தம்பி. நாங்களும் இப்போது பெரும்பாலும் அதே ஃபெரிக் குளோரைடுதான். கோடு ஆழமாகும்போது அகலமும் ஆகும். நெருக்கமாகப் போட்ட இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவிலிருந்த செம்பே போய்விடும். அந்த இடம் மை பிடிக்காமல் நரைத்து நிற்கும்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். இளவயதில் ஒரு ஏரிக்கரை தகடு. மூன்று வாரம் வரைந்தேன். கிரவுண்ட் பூசியபோது தகட்டில் கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அமிலத்தில் பூச்சு அங்கங்கே உரிந்து வானம் முழுக்கப் புள்ளி விழுந்துவிட்டது. இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. பிறகுதான் ரெம்பிராண்டின் 'காற்றாலை' (1641) படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கும் வானத்தில் பூச்சு வெடித்த தடம் வலை வலையாக இருக்கிறது. அவர் அதைத் தேய்த்து எடுக்கவில்லை. அப்படியே அச்சிட்டார். அந்தப் படத்தில் அது பழைய மரத்தாலைக்கு மேல் கனத்த ஈரக்காற்று போல இருக்கிறது.

#5 நாணல்

மைவிரல் சார் சொன்ன தொழில்நுட்பம் எல்லாம் சரி. ஆனால் ஆல்ட்டோர்ஃபரிடம் ஏதோ குறை இருந்தது, பின்னால் வந்தவர்கள் நிரப்பினார்கள் என்கிற மாதிரி கேட்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

அவர் படத்தில் மலை தள்ளித்தானே நிற்கிறது? அந்தப் பிள்ளையும் அதை மறுக்கவில்லையே. ஒரே தடிமன் கோட்டை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். மரத்தின் கிளைகளில் கோடு சுருண்டு, தொங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. மலைக்குப் போகும்போது கோடு நீண்டு, இடைவெளி விட்டு, சில இடத்தில் அறுந்தே போகிறது. வெறும் காகிதம் நிறைய வேலை செய்கிறது. கை வேகத்தை மாற்றித்தான் அவர் தூரத்தைக் கொண்டுவந்தார். கையெழுத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிப்போமே, அப்படி அந்த மரத்தை எங்கே பார்த்தாலும் அவர் மரம் என்று சொல்லிவிடலாம்.

அவர் செய்தது மொத்தம் ஒன்பது நிலக்காட்சி எச்சிங்தான். எல்லாம் கைக்கு அடக்கமான சின்னப் படங்கள். புனிதர் இல்லை, வேட்டை இல்லை, கதை இல்லை. ஐரோப்பிய அச்சுப்படத்தில் நிலம் மட்டுமே தனியாக நின்றது இங்கேதான் முதலில். சங்கக் கவிதை படித்த நமக்கு இது ஒரு கணம் விசித்திரமாகக்கூட இருக்கும், முதற்பொருளும் கருப்பொருளும் இருக்கிறது, உரிப்பொருள் எங்கே என்று தேடுவோம். வியன்னாவில் ஆல்பர்ட்டீனா அருங்காட்சியகத்தில் இதில் ஒன்றின் பிரதி நீர்வண்ணம் தீட்டியபடி இருக்கிறது. அச்சை ஓவியம் போலவும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

#6 பழங்காகிதம்

நாணல் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். கூடவே ஆல்ட்டோர்ஃபர் என்றால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும், மரத்தைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறேன்.

அவர் ரேகன்ஸ்பர்க் நகர சபை உறுப்பினர். 1519 பிப்ரவரியில் அந்தச் சபை யூதர்களை ஊரைவிட்டு வெளியேற்ற முடிவெடுத்தது. தொழுகைக்கூடத்தைக் காலி செய்ய இரண்டு மணி நேரம், ஊரைவிட்டுப் போக ஐந்து நாள். அந்த ஆணையைச் சொல்லப் போன சபைக்காரர்களில் அவரும் ஒருவர். இடிப்பதற்கு முன்னால் அந்தத் தொழுகைக்கூடத்தின் உட்புறத்தையும் முன்மண்டபத்தையும் வரைந்து இரண்டு எச்சிங் செய்தார். உட்புறப் படத்தில், கடவுளின் நியாயமான தீர்ப்பால் இது அடியோடு இடிக்கப்பட்டது என்று லத்தீனில் எழுதியும் வைத்திருக்கிறார்.

உண்மையில் நின்ற ஒரு கட்டடத்தை அப்படியே காட்டும் அச்சுப்படங்களில் அவை மிகப் பழையவை. தூண், வளைவு, ஒளி விழும் விதம், எல்லாம் அவ்வளவு பொறுமையாக இருக்கிறது. அதைச் செய்த அதே கைதான் இடிக்க ஒப்புதல் கொடுத்தது. அந்த ஊசியிலை மரங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் இதை மறந்துவிட்டு என்னால் பார்க்க முடிவதில்லை.

சரி, இழைக்கு வருகிறேன். நிலக்காட்சி ஏன் எச்சிங்கில் பிறந்தது, என்கிரேவிங்கில் ஏன் பிறக்கவில்லை என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது: என்கிரேவிங் பொற்கொல்லர் பட்டறைத் தொழில். உளியைத் தள்ளித் தள்ளிச் செம்பை வெட்ட வேண்டும். வருடக்கணக்கில் பழக வேண்டும். உடல், துணி மடிப்பு, முகம் இவற்றுக்கு அது பிரமாதமாக வரும். இலைக்கொத்துக்கும் புல்லுக்கும் அது இடம் கொடுக்காது. எச்சிங்கில் வரையத் தெரிந்த எவரும் உட்காரலாம். ஓவியர் சும்மா கிறுக்கிப் பார்க்கும் நோட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் இருந்த சுவர் அங்கேதான் உடைந்தது.

#7 கரிக்கோடு

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு எல்லாருக்கும் நன்றி. பழங்காகிதம் அக்கா, தொழுகைக்கூடம் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. வகுப்பில் அந்த மரத்தைக் காட்டியபோது "அமைதியான படம்" என்று சொன்னேன். அடுத்த முறை இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

#8 பாபநாசத்தான்

ஒரு சந்தேகம். ஆள் இல்லாத, கதை இல்லாத படத்தை அந்தக் காலத்தில் யார் காசு கொடுத்து வாங்கினார்கள்? சாமி படம் என்றால் வீட்டில் மாட்டுவார்கள். மரமும் வாய்க்காலும் எதற்கு?

#9 பழங்காகிதம்

நல்ல கேள்வி, இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரில் ஹீரோனிமஸ் காக் என்று ஒரு பதிப்பாளர். அவர் கடைக்கு 'நான்கு காற்றுகள்' என்று பெயர். ஓவியர் பீட்டர் புரூகல் இத்தாலி போய் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, 1555ஐ ஒட்டி காக் அவரை வைத்துப் பெரிய நிலக்காட்சித் தொடர் ஒன்று வெளியிட்டார். புரூகல் வரைந்து கொடுத்தார், தகட்டில் இறக்கியது டூட்டெகம் சகோதரர்கள். மலைகளையும் பாறைகளையும் விழுங்கிவிட்டு வந்து திரும்ப உமிழ்ந்தார் என்று ஓவியர்களின் வரலாறு எழுதிய கரெல் வான் மாண்டர் 1604இல் எழுதினாரே, அந்தப் பயணம்தான். புரூகல் தன் கையாலேயே தகட்டில் வரைந்தது ஒன்றே ஒன்று, 'முயல் வேட்டை', 1560. மலையே இல்லாத தட்டை நாட்டில் இருப்பவனுக்கு மலை ஒரு அதிசயம். அதனால் விற்றது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு வந்தது. 1559இலும் 1561இலும் காக் இரண்டு சின்னத் தொடர்கள் வெளியிட்டார், சேர்த்து 44 படங்கள். ஆன்ட்வெர்ப்பைச் சுற்றியுள்ள கிராமங்கள். கூரை வீடு, வேலி, மண் பாதை, கிணறு. நேரில் பார்த்து வரைந்தது என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டார். அதிசயமே இல்லாத இடத்தை விற்க, "இது நிஜம்" என்பதே விளம்பரமாக இருந்தது. வரைந்தவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. 'சிறு நிலக்காட்சிகளின் ஆசான்' என்றுதான் எழுதுகிறார்கள்.

இப்போது கவனியுங்கள். அடுத்த முப்பது ஆண்டில் அந்தப் பகுதியே போரில் சிதைந்தது. 1585இல் ஆன்ட்வெர்ப் ஸ்பானியர் கையில் விழுந்தது. பலர் வடக்கே ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம் என்று ஓடினார்கள். 1601இல் அதே தகடுகளை மறுபடி அச்சிட்டார்கள். 1612இல் ஆம்ஸ்டர்டாமில் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் அவற்றில் 26ஐத் தன் கையால் நகலெடுத்து, புரூகல் பெயரைப் போட்டு வெளியிட்டார். 1559இல் வாங்கியவன் பக்கத்து ஊரைப் பார்த்தான். 1612இல் வாங்கியவன், குறிப்பாகத் தெற்கிலிருந்து ஓடி வந்தவன், தான் விட்டுவந்த ஊரைப் பார்த்தான். படம் அதேதான். இலங்கையிலிருந்து வந்த என் தோழி ஒருத்தி வீட்டில் சுவரில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது, வெறும் வேலியும் படலையும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்தத் தொடர் நினைவு வரும்.

அதே விஸ்ஸர் அதே காலத்தில் ஹார்லெமைச் சுற்றி 'இனிய இடங்கள்' என்று ஒரு தொடர் செய்தார். மணல்மேடு, துணி வெளுக்கும் களம், பாழடைந்த கோட்டை. தூரப் பயணம் போக முடியாத ரசிகர்களே, இதைப் பாருங்கள் என்ற பொருளில் முன்னால் ஒரு குறிப்பு வேறு. பாபநாசத்தான், உங்கள் கேள்விக்கு விஸ்ஸரே பதில் சொல்லிவிட்டார்.

#10 நாணல்

அக்கா, அருமை. ஆனால் ஹார்லெம் என்று சொல்லிவிட்டு அங்கே பிறந்த ஓவியர் ஹெர்குலஸ் சேகர்ஸைப் பற்றிப் பேசாமல் போகலாமா?

2016இன் கடைசியில் வேலை விஷயமாக ஆம்ஸ்டர்டாம் போயிருந்தேன். ரைக்ஸ்மியூசியத்தில் அவருடைய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எதுவும் தெரியாமல்தான் உள்ளே போனேன். அரை நாள் வெளியே வரவில்லை.

மற்ற எல்லாரும் அச்சைத் தேடிப் போனது நிறையப் பிரதி எடுக்க. இவர் ஒரே தகட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு படம் எடுத்தார். ஒரு பிரதி நீல மை, ஒன்று பச்சை மை, ஒன்று கறுத்த தாளில் வெளிர் மஞ்சள் மை. சிலவற்றைக் காகிதத்தில் எடுக்கவே இல்லை, துணியில் எடுத்தார். மேலே தூரிகையால் வண்ணம் பூசினார். ஓரத்தை வெட்டி காட்சியையே மாற்றினார். அவர் தகடுகளில் நமக்குத் தெரிந்தவை ஐம்பத்து நாலு, மிஞ்சிய பிரதிகள் சுமார் 180தான். ஒரு தகட்டுக்கு மூன்று நான்கு என்று விழுகிறது. அந்தப் பள்ளத்தாக்குகளில் பாறை பவளம் மாதிரி, உளுத்த மரம் மாதிரி இருக்கிறது. மலையை அவர் நேரில் பார்த்தார் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. யாருமே இல்லாத ஒரு கிரகத்தில் இறங்கிவிட்டதுபோல நின்றேன்.

செம்பு வாங்கக் காசில்லாததாலோ என்னவோ, ஒரு பெரிய கப்பல் படத்தின் தகட்டை வெட்டி அதன் துண்டுகளில் நிலக்காட்சி வரைந்திருக்கிறார். நன்றாக அழிக்காததால் வானத்தில் கப்பலின் கயிறும் பாய்மரமும் மங்கலாகத் தெரிகிறது.

#11 பாபநாசத்தான்

இவரைப் பற்றி எங்கோ படித்திருக்கிறேன். யாரும் மதிக்காமல், அவர் அச்சுப்படங்களை வெண்ணெயும் சோப்பும் மடித்துக் கொடுக்கத்தான் கடைக்காரர்கள் வாங்கினார்கள், வீட்டில் இருந்த விரிப்பு, சட்டையெல்லாம் வரைந்து தீர்த்தார், கடைசியில் குடித்துவிட்டுப் படியில் விழுந்து இறந்தார் என்று. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

#12 பழங்காகிதம்

அந்தக் கதை ரெம்பிராண்டின் மாணவர் சாமுவேல் வான் ஹூக்ஸ்ட்ராட்டன் 1678இல் எழுதியது. சேகர்ஸ் இறந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்து. அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆவணங்கள் சொல்வது வேறு மாதிரி. அவர் 1619இல் ஆம்ஸ்டர்டாமின் லிண்டன் வாய்க்கால் ஓரம் நல்ல பெரிய வீடு வாங்கியிருக்கிறார். 1631இல் கடனால் அதை விற்க நேர்ந்தது, பிறகு உட்ரெக்ட், ஹேக் என்று இடம் மாறினார். கஷ்டம் உண்மை. ஆனால் யாரும் மதிக்கவில்லை என்பது உண்மையில்லை. ரெம்பிராண்டின் சொத்துப் பட்டியல் 1656இல் எடுத்தபோது அதில் சேகர்ஸின் ஓவியங்கள் மட்டும் எட்டு இருந்தன. ஒரு ஓவியர் இன்னொரு ஓவியரின் எட்டுப் படங்களை வைத்திருப்பதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

ஹூக்ஸ்ட்ராட்டன் சொன்னதில் ஒரு சொல் மட்டும் எனக்குப் பொன். இவர் "அச்சிட்ட ஓவியங்கள்" செய்தார் என்றார். அது சரியான பேச்சு. மற்றபடி, திறமைசாலி என்றால் பட்டினி கிடந்துதான் சாக வேண்டும் என்கிற கதை நம் ஊரிலும் நிறைய உலவுகிறது. அது கேட்க உருக்கமாக இருக்கும், ஆனால் அந்த மனிதர் தினமும் உட்கார்ந்து செய்த வேலையை அது மறைத்துவிடுகிறது.

#13 மைவிரல்

வேலை என்றதும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சேகர்ஸ் கண்டுபிடித்த ஒரு முறையை நாங்கள் இன்றும் ஸ்டூடியோவில் செய்கிறோம். சர்க்கரைக் கரைசலால் தகட்டில் தூரிகையால் வரைய வேண்டும். அது காய்ந்ததும் மேலே கிரவுண்ட் பூச வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சர்க்கரை ஊறி, தனக்கு மேலிருக்கும் பூச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். தூரிகை போன இடம் மட்டும் செம்பு திறந்து கிடக்கும். ஊசிக் கோட்டுக்கு வராத ஒரு கசங்கல், ஒரு மொரமொரப்பு அதில் வரும். அவருக்குப் பிறகு நூற்றாண்டுக்கு மேல் இதை யாரும் தொடர்ந்து செய்யவில்லை. முதல் முறை நான் செய்தபோது தண்ணீரில் அந்தப் பூச்சு எழும்பி விலகியதைப் பார்த்து, இதை ஒருவர் 1620களில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஆல்ட்டோர்ஃபர் விஷயத்தில் நாணல் சொன்னது சரிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமில நேரம் ஒரு வழி. கைவேகம் இன்னொரு வழி.

#14 கோவைபோர்டு

இன்னொரு சந்தேகம். தகட்டில் இருப்பது காகிதத்தில் திரும்பித்தானே விழும்? அப்படியென்றால் இந்த ஊர்க்காட்சிகள் எல்லாம் இடவலம் மாறியிருக்குமா?

#15 பழங்காகிதம்

ஆளைப் பொறுத்தது. வென்ஸெஸ்லாஸ் ஹோலர் மாதிரி இடம் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் திருப்பி வரைந்துவிடுவார்கள். பிராகில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர், இரண்டாயிரத்து எழுநூறு தகடுகளுக்கு மேல் செய்தவர். லண்டனின் நீளக் காட்சி ஒன்றை 1647இல் வெளியிட்டார். சதர்க் கோயில் கோபுரத்திலிருந்து வரைந்த குறிப்புகளை வைத்து ஆன்ட்வெர்ப்பில் உட்கார்ந்து தகட்டில் இறக்கினார். இடவலம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குளோப் நாடக அரங்குக்கும் கரடிச் சண்டை அரங்குக்கும் பெயர் மாற்றிப் போட்டுவிட்டார். பத்தொன்பது ஆண்டில், 1666 தீயில், அந்த லண்டனில் பெரும்பகுதி இல்லாமல் போனது. எரிந்த பிறகும் அவரே வந்து அதே கோணத்தில் வரைந்து முன்னும் பின்னும் என்று வெளியிட்டார்.

ரெம்பிராண்டுக்கு அந்தக் கவலையே இல்லை. 1640ஐ ஒட்டிய அவருடைய ஆம்ஸ்டர்டாம் காட்சியில் கோபுரங்கள் எல்லாம் இடவலம் மாறித்தான் நிற்கின்றன. 1651இல் செய்த ஹார்லெம் பக்கத்து எஸ்டேட் படமும் அப்படியே. அந்த எஸ்டேட் யாருடையது தெரியுமா? ரெம்பிராண்ட் வீடு வாங்கிய வகையில் யாருக்குக் கடன்பட்டிருந்தாரோ அவருடையது.

'சிக்ஸின் பாலம்' (1645) பற்றி ஒரு கதை உண்டு, நண்பர் யான் சிக்ஸின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கடுகுச் சாந்து இல்லை, வேலையாள் போய் வாங்கி வருவதற்குள் பந்தயம் கட்டித் தகட்டை முடித்தார் என்று. பாரீஸ் வியாபாரி ஜெர்சான் எழுதியது, 1751இல் வெளிவந்தது. அது சிக்ஸின் இடமே இல்லை என்று பின்னர் காட்டிவிட்டார்கள். கதை போனாலும் படத்தில் அந்த வேகம் இருக்கிறது, சில டஜன் கோடுதான்.

#16 பாபநாசத்தான்

அமிலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் அருவி லண்டனில் அச்சான கதை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் இந்தியா சுற்றிவிட்டுப் போய் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 படங்களில் பாபநாசம் அருவியும் ஒன்று. மாமல்லபுரம், மதுரை, தஞ்சாவூரும் உண்டு. அது அக்குவாடின்ட் என்று போட்டிருந்தது. எச்சிங்குக்குச் சொந்தமா?

#17 மைவிரல்

சொந்தம்தான். தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவோம். தூளுக்கு இடையே அரித்துக் கோட்டுக்குப் பதில் சாயல் விழும். அங்கும் மூடி மூடித்தான் வெளிச்சமும் நிழலும்.

டீச்சர், 'மூன்று மரங்கள்' பற்றி ஒரு கடைசி விஷயம். அதில் மூன்று முறையும் இருக்கிறது. அரித்த கோடு, உளியால் வெட்டிய கோடு, அப்புறம் டிரைபாயின்ட். கடைசி முறையில் அமிலமே இல்லை, ஊசியை நேராகச் செம்பில் அழுத்தி இழுப்போம். கோட்டின் ஓரத்தில் செம்புச் சிராய் எழும்பி நிற்கும். அது மை பிடித்து, அச்சில் வெல்வெட் மாதிரிக் கசிந்த கறுப்பு தரும். சில டஜன் பிரதிகளிலேயே அழுத்தத்தில் நசுங்கிப் போய்விடும். ரெம்பிராண்ட் 1640களின் பிற்பகுதியிலிருந்து டச்சுக் கம்பெனி கப்பலில் வந்த ஜப்பான் தாளை அதிகம் பயன்படுத்தியதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். மென்மையான தாள், அந்த மையை நன்றாக உறிஞ்சும்.

இடது மூலையில் மழை சாய்ந்து இறங்குகிறதே, அந்தக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர். அத்தனை கொசகொசப்பான புல்லுக்கும் மேகத்துக்கும் நடுவில் அந்த நேர்க்கோடு எவ்வளவு துணிச்சல்! பிள்ளைகளிடம் வலப்புறப் புதரைத் தேடச் சொல்லுங்கள். இருட்டுக்குள் ஒரு காதல் ஜோடி இருக்கிறது. மேட்டின் மேல் ஒருவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார், அதுவும் மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

#18 நாணல்

தேடச் சொல்வதென்றால் இன்னொன்றும் கொடுங்கள். சேகர்ஸின் 'தோபியாவும் வானதூதரும்' தகட்டை ரெம்பிராண்ட் வாங்கி, 1653ஐ ஒட்டி உருவங்களை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்மேல் குழந்தை இயேசுவோடு எகிப்துக்கு ஓடிப்போகும் குடும்பத்தை வரைந்தார். பின்னாலிருந்த நிலத்தைப் பெரும்பாலும் தொடவில்லை. வானதூதரின் பெரிய சிறகை முழுக்க அழிக்கவும் இல்லை. ரைக்ஸ்மியூசியம் இணையதளத்தில் இரண்டு படமும் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கும்.

#19 கரிக்கோடு

நேற்று வகுப்பு முடிந்தது. முதலில் அமில நேரத்தை விளக்கினேன். வெளிர் தேநீர் நிறத்தில் மூன்று கிண்ணத்தில் சாயத் தண்ணீர் வைத்து, காகிதப் பட்டைகளில் சில இடத்தை மெழுகால் மூடி மூடி முக்கிக் காட்டினேன். எட்ட, நடு, கிட்ட. பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. கேள்வி கேட்ட மாணவி, "அப்போ மலையைத்தான் முதலில் முடிக்கணும், மரம் கடைசி வரைக்கும் தண்ணியில் கிடக்கும்" என்றாள். பிறகு ஆல்ட்டோர்ஃபரைத் திரும்ப எடுத்து, கைவேகம் என்று நாணல் சொன்னதைச் செய்து பார்த்தோம்: ஒரே பேனா, ஒரே அழுத்தம், கோட்டின் நெருக்கத்தை மட்டும் மாற்றி. தொழுகைக்கூடத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தில் ரெம்பிராண்டின் எகிப்துப் பயணத்தைத் திரையில் பெரிதாகப் போட்டு, இதில் வேறொருவரின் படம் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். காதல் ஜோடியை முன்னமே கண்டுபிடித்த தெம்பில் எல்லாரும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பையன் மெல்ல வந்து, வலப்பக்கம் கழுதைக்கு மேலே இருக்கும் மரக்கூட்டத்தில் விரல் வைத்து, "மிஸ், இது இலை இல்லை, இறகு" என்றான்.